பயன்–செலவு ஆய்வு (கட்டுமானத் திட்டங்கள்)

அணை, பாலம், சாலை போன்ற பொதுக் கட்டுமானங்களால் கிடைக்கும் பயன், அவற்றுக்கு ஆகும் செலவை ஈடுகட்டுமா என்று கணிக்கும் முறை. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புயி 1844இல் இதற்கு அடித்தளமிட்டார். அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டம் இதை அரசு நடைமுறையாக்கியது.

ஆய்வின் முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது கழிவு வீதம், அதாவது வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதம். 50 ஆண்டு கழித்து வரும் 100 கோடி ரூபாய், 10 சதவீதத்தில் இன்று சுமார் 85 லட்சம்தான். 3 சதவீதத்திலோ ஏறத்தாழ 23 கோடி. வீதம் உயர்ந்தால் பேரப்பிள்ளைகளின் நலன் கணக்கிலிருந்தே கரைந்துவிடுகிறது. ஆயுள் முடிந்த கட்டுமானத்தை இடித்தகற்றும் செலவும் அப்படியே. ஆகவே இந்த வீதத்தை வெளிப்படையாக விவாதிக்காத மதிப்பீட்டை நம்புவதற்கில்லை.

மொத்தப் பயன் மிகுந்திருந்தாலும், இழப்பவர் யார் என்பதைக் கூட்டுத்தொகை காட்டாது. நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணைத் திட்டத்தை ஆராய உலக வங்கி அமைத்த மோர்ஸ் குழு, இடம்பெயர்வோரின் மறுவாழ்வும் சூழல் பாதிப்பும் சரிவர மதிப்பிடப்படவில்லை என்று 1992இல் அறிக்கை அளித்தது. மறு ஆண்டு, திட்டத்துக்காக அவ்வங்கியிடம் பெற்றுவந்த கடனின் எஞ்சிய பகுதியை இந்தியா கைவிட்டது. அணை உள்நாட்டு நிதியில் தொடர்ந்து கட்டப்பட்டு, 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.