கரையேறிய கலங்கள்

நெய்தல் திணையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கடலும் கழியும் தாழையும் வந்துவிடுகின்றன. கலம் அலைமேல் செல்கிறது, அல்லது திரும்பி வருகிறது. கரைமேல் கிடக்கும் கலத்தை நாம் பொருட்படுத்துவதேயில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மணலில் கிடந்த கட்டுமரம் ஒன்றை 'ஓய்வு கொள்ளும் கலம்' என்று நாம் வருணிக்கப்போக, மீனவக் குடும்பத்து மாணவர் ஒருவர் எழுந்து, "ஓய்வு இல்ல சார், காயப் போட்டிருக்கு" என்றார். கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர விடாவிட்டால் அவை நீர் குடித்துக் கனத்துப்போகும்; தம் தாத்தா காலத்தில் அதுவே அன்றாட வழக்கம் என்று விளக்கமும் தந்தார். அன்று பாடம் கேட்டவர்கள் நாமே. அந்தத் திருத்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய கிரேக்கர்களைப் படிக்கையில், முன்பு கண்ணில் படாத சில செய்திகள் தென்பட்டன.

கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹெசியோட், 'வேலைகளும் நாட்களும்' என்ற நூலில் தம் தம்பி பெர்செஸுக்கு உழவு சொல்லி முடித்தபின் கடலுக்கு வருகிறார். கார்த்திகை மீன்கூட்டம் விடியலில் மேற்கே மறையும் காலம் வந்தால் கலத்தை நீரில் வைத்திருக்கலாகாது என்பது அவர் கட்டளை. நமக்கும் அது அடைமழைக் காலம்தான். ஒரே விண்மீன்களைப் பார்த்து இரு கரைகளும் கடலுக்கு அஞ்சியிருக்கின்றன. கலத்தைக் கரைக்கு இழுத்து, காற்று புரட்டாதபடி சுற்றிலும் கல் அடுக்க வேண்டும். பாயை ஒழுங்காக மடித்துக் கயிறுகளோடு வீட்டுக்குள் வைக்க வேண்டும். சுக்கானை அடுப்புப் புகைக்கு மேலே தொங்கவிட வேண்டும். இவற்றினும் நம்மை நிறுத்திய குறிப்பு ஒன்றுண்டு: கலத்தின் அடியிலுள்ள அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டுமாம். கடலில் இருக்கும்வரை அந்த அடைப்புதான் உயிர். கரையேறியபின் பகை கீழிருந்து வருவதில்லை, மேலிருந்து மழையாக வருகிறது. உள்ளே தேங்கும் மழைநீர் மரத்தை அழுகச் செய்யும். துளை திறந்திருந்தால் வடிந்துவிடும்.

இத்தனை நுணுக்கமாகச் சொல்லும் ஹெசியோட், தமக்குக் கப்பலறிவு இல்லை என்று தாமே ஒப்புக்கொள்கிறார். அவர் கடல் கடந்தது அவுலிஸிலிருந்து எதிரே தெரியும் யூபோயா தீவுக்கு மட்டுமே. ஆனால் அவர் தந்தை வறுமையால் கடல் வணிகம் செய்து, சின்ன ஆசியாவின் கைமெயிலிருந்து வந்து குடியேறியவர். சுக்கானைப் புகையில் தொங்கவிடும் வழக்கத்தைக் கவிஞர் எங்கே கண்டிருப்பார்? தந்தையின் அடுப்படியில்தான் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. சான்றில்லை; ஊகமே.

இன்றும் இந்த வேலை நடக்கிறது. கி.மு. 31-இல் அந்தோணியும் கிளியோபாத்ராவும் தோற்ற ஆக்டியம் முனையருகே, இன்று கோடையில் உலவும் பாய்மரப் படகுகள் குளிர்காலத்துக்குக் கரையேற்றப்படுகின்றன. பாய்களைக் கழற்றுகிறார்கள், இயந்திரத்தின் உப்பை நன்னீரால் கழுவுகிறார்கள், படகைத் தாங்கிகளில் நிறுத்துகிறார்கள். மேல்தளத்து மழை வடியும் குழாய்களில் சருகு அடைத்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்வதும் அப்பட்டியலில் உண்டு. ஹெசியோடின் மழை இன்னும் ஓயவில்லை.

ஒரு குடியானவனின் கலத்துக்குக் கல்லடுக்கு போதும். ஏதென்ஸின் போர்க்கலங்களுக்குப் போதாது. முத்துடுப்பு வரிசைக் கலமான டிரைரீம், வேகத்துக்காக இலேசான மரத்தால் ஆனது. ஊறினால் கனக்கும், நீரிலேயே கிடந்தால் கப்பற்புழு துளைக்கும். ஆகவே பிரேயஸ் துறைமுகத்தில் சரிவான மேடைகளின்மேல் கூரை வேய்ந்து கப்பற்கொட்டில்கள் கட்டினார்கள். அவற்றுக்கு ஆயிரம் தாலந்துக்குக் குறையாமல் செலவானது என்கிறார் ஐசோக்ரடீஸ்.

அந்தக் கொட்டில்களின் அருமை, அவை இல்லாத இடத்தில்தான் தெரிந்தது. கி.மு. 414-இல் சிசிலியில் சிராக்யூஸை முற்றுகையிட்டிருந்த தளபதி நிக்கியாஸ் ஊருக்கு ஒரு மடல் விடுத்தார். அதன் செய்தியைத் தூசிடிடீஸ் பதிந்துள்ளார். வந்தபோது உலர்ந்து உறுதியாக இருந்த கலங்கள் நெடுநாள் நீரில் கிடந்து ஊறிவிட்டன. கரையேற்றி உலர்த்தலாமென்றால் பகைவரிடம் நம்மளவோ அதற்கு மேலோ கலங்கள் உள்ளன, எந்த நேரமும் தாக்கக்கூடும். அவர்களுக்கோ தம் கலங்களை உலர்த்த வேண்டிய அவகாசமெல்லாம் இருக்கிறது என்று முறையிடுகிறார். படைத்தலைவர் ஒருவர் ஈர மரத்தைப் பற்றி இவ்வளவு கவலையோடு எழுதியதை வேறெங்கும் நாம் படித்ததில்லை. அடுத்த ஆண்டில் அக்கப்பற்படை முற்றிலும் அழிந்தது. நிக்கியாஸ் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 7000 பேர் கல்லகழிகளில் அடைக்கப்பட்டார்கள். தோல்விக்குக் காரணங்கள் பல. தளபதியின் தயக்கமே அவற்றுள் பெரிது என்பாரும் உண்டு. ஆயினும் அந்தப் பட்டியலில் ஈரத்தையும் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது.

கி.மு. 404-இல் ஏதென்ஸ் வீழ்ந்தபின் ஆட்சிக்கு வந்த முப்பதின்மர், ஆயிரம் தாலந்துக் கொட்டில்களை இடித்துக்கொள்ளும்படி மூன்று தாலந்துக்கு விற்றார்கள் என்றும் அதே ஐசோக்ரடீஸ் சொல்கிறார். குடியரசு மீண்டதும் கொட்டில்களும் மீண்டன. கி.மு. 330 வாக்கில் மூன்று துறைகளிலுமாக 372 இருந்தன என்று கல்வெட்டுக் கணக்கு கூறுகிறது. பாய், கயிறு முதலியவற்றுக்கென ஃபிலோன் என்ற கட்டடக் கலைஞர் 400 அடி நீளக் களஞ்சியம் ஒன்றை வகுத்தார். உள்ளே காற்றோட்டம் இருக்கச் சுவர்க் கல்லிடுக்குகளில் இடைவெளி விட வேண்டும், பொதுமக்கள் நடுவே நடந்து செல்ல வழி விட வேண்டும் என்று அதன் கட்டுமான விவரக் கல்வெட்டு விதிக்கிறது. கி.மு. 86-இல் ரோமானியத் தளபதி சுல்லா அதை எரித்தார்.

கல்லில் வெட்டிய கணக்குகள் எஞ்சின. 1840-இல் ஆகஸ்ட் பேக் அவற்றைப் பதிப்பித்தார். ஒவ்வொரு கலத்தின் பெயர், அதன் மரச் சாமான்கள், தொங்கும் சாமான்கள் என்று வரிசை நீள்கிறது. கலத்தைக் கரை சேர்த்தபின் துடுப்பையோ சுக்கானையோ திருப்பித் தராத செல்வர்களின் பெயர்களும் ஊர்ப் பெயரோடு அங்கே நிற்கின்றன. பாக்கி இன்னும் தீரவில்லை.