நூற்பொறியும் சூலியா தெருத் துணி மூட்டையும்

தொழிற்புரட்சிப் பாடத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "டீச்சர், இங்கிலாந்துல மெஷின் கண்டுபிடிச்சதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" நல்ல கேள்விதான். பதிலை ஓர் அருங்காட்சியகப் பொருளிலிருந்து தொடங்கலாம்.

இங்கிலாந்தின் போல்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய நூற்பொறி இருக்கிறது. சாமுவேல் குரோம்டன் தம் கையால் செய்த 'மியூல்' பொறிகளில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஹார்கிரீவ்ஸின் ஜென்னி தந்த நூல் வலுவில்லாதது, ஊடைக்கே உதவியது. ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டம் தந்த நூல் உறுதியானது, ஆனால் தடிமன். 1779இல் குரோம்டன் இரண்டின் நுட்பத்தையும் இணைத்தார். அதனால்தான் கோவேறு கழுதையைக் குறிக்கும் 'மியூல்' என்ற பெயர். நூல் மெல்லியதாகவும் உறுதியாகவும் வந்தது; இந்திய மஸ்லினுக்குப் போட்டி பிறந்தது.

100 பவுண்டு பஞ்சை நூற்க இந்தியக் கைராட்டைக்குச் சுமார் 50,000 மணி நேரம். தொடக்ககால மியூலுக்குச் சுமார் 2,000 மணி நேரம். இது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இந்த ஒரு கணக்கை மாணவர்கள் மனசுல பதிச்சுக்கிட்டா போதும், மற்றது தானாகப் புரியும்.

மியூல் உருவாகி ஏழே ஆண்டுகளில், 1786இல், பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்தார். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து சூலியா வணிகர்கள் கைத்தறித் துணி மூட்டைகளோடு ஜார்ஜ்டவுனுக்கு வந்தார்கள். சூலியா தெருவின் பெயர் அவர்களின் நினைவு. 19ஆம் நூற்றாண்டில் மலிவான ஆலைத்துணி வந்து குவிய, அந்த வணிகம் தளர்ந்தது. அதற்கு முன்பே நம்மூர்ப் பெண்களின் ராட்டைக்கு வேலை குறையத் தொடங்கியிருந்தது.

தேர்வு எழுதுவோர் இங்கே கவனிக்கவும். பொறி மட்டுமே காரணம் என்று எழுதினால் பதில் பாதிதான். இந்தியத் துணிக்குப் பிரிட்டனில் கடும் வரி, பிரிட்டிஷ் துணிக்கு இந்தியாவில் சலுகை வரி. இந்தக் கொள்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

குரோம்டனின் பொறியும் பெயரும் காக்கப்பட்டன. காப்புரிமை பெறாத அவருக்கு 1812இல் நாடாளுமன்றம் 5,000 பவுண்டு அளித்தது. ராட்டை சுற்றிய பெண்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே பாடம் முடிந்ததும் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுங்கள்: வீட்டிலுள்ள பழைய கைத்தறிச் சேலையோ கைலியோ எந்த ஊரிலிருந்து வந்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வரட்டும்.