கொள்ளைநோயும் மறுமையும்: சிப்பிரியானின் பதினாறாம் அதிகாரத்தை முன்வைத்து

கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான் 252-ஐ ஒட்டிய கொள்ளைநோய்க் காலத்தில் எழுதிய 'தே மொர்த்தாலித்தாத்தே' என்னும் நூல் உலக வெறுப்பின் ஆவணமாக வாசிக்கப்படுவதுண்டு. சிசரோவும் செனெக்காவும் கையாண்ட ஆறுதலுரை மரபை எடுத்துக்கொண்டு அதன்மேல் விண்ணகத்தைப் பூசியிருக்கிறார் ஆயர். சாவே விடுதலை என்று கற்பித்த நூலிடம், சாகாமல் எஞ்சியவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்படிப் போகிறது அந்த வாசிப்பு. மறுமையில் வைத்த நம்பிக்கை இம்மைக் கடமைகளைத் தளர்த்திவிடும் என்ற பொது முடிவுக்கும் இந்நூலைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. நூலின் பதினாறாம் அதிகாரத்தைக் கண்டும் காணாமல் கடந்தால் ஒழிய அம்முடிவை எட்ட முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மறுதரப்புக்குச் சான்று இல்லாமல் இல்லை. பதினைந்தாம் அதிகாரத்தில், இந்த நோயில் இறந்த கன்னியரும் இளைஞரும் இனி வரவிருந்த தீங்குகளிலிருந்து தப்பிவிட்டார்கள் என்கிறார் ஆயர். இறுதிப் பகுதியில் உலகம் சுவர் ஆடும் பழைய வீடாகச் சித்திரிக்கப்படுகிறது. இருபதாம் அதிகாரம் அதைவிடக் கடுமையானது. இறந்தவர் அங்கே வெண்ணாடை உடுத்தியிருக்க, நாம் இங்கே கறுப்பு உடுத்துவது தகாது என்று துக்கத்துக்கே தடை போடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் இதைக் கேட்டு எப்படித் தேறியிருப்பாள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அதே அதிகாரம் தரும் காரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இறைவனிடம் வாழ்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அழிந்துபோனவர்களுக்கு அழுவதுபோல அழுதால், சொல்லும் செயலும் முரண்படுவதைப் புறவினத்தார் சுட்டிக்காட்டுவார்கள் என்பதே அது. நம்பிக்கைக்கு நடத்தை சான்றாக வேண்டும் என்னும் இந்த அளவுகோலை ஆயர் துக்கத்துக்கு மட்டும் வைத்திருக்கவில்லை.

பதினான்காம் அதிகாரம் நோயின் குறிகளை ஒளிவுமறைவின்றி அடுக்குகிறது: ஓயாத பேதி, தொண்டைப் புண், தொடர் வாந்தி, இரத்தமேறி எரியும் கண்கள், அழுகி உதிரும் கால்கள், அடைபடும் செவி, மங்கும் பார்வை. பதினைந்தாவது, இறந்தவர்களுக்கு இதனால் நேர்ந்த நன்மையைப் பேசுகிறது. பிறகுதான் பதினாறாவது வருகிறது. (அதிகார எண்கள் பதிப்பாசிரியர்கள் இட்டவை, உரை இடைவெட்டின்றி ஓடுகிறது.) இங்கே கொள்ளைநோய் ஒரு தேர்வாளராகிறது, ஒவ்வொருவரின் நீதியையும் அது துருவிப் பார்க்கிறது. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்கிறார்களா, உறவினர் உறவினரிடம் பாசத்தோடு இருக்கிறார்களா, எசமானர்கள் நோயுற்ற அடிமைகளுக்கு இரங்குகிறார்களா, கெஞ்சுகிற நோயாளிகளை மருத்துவர்கள் கைவிடாமல் இருக்கிறார்களா என்று கேள்விகள் வரிசையாக விழுகின்றன. முரடர் அடங்கினார்களா, பேராசைக்காரர் சாவுக்கு அஞ்சியாவது ஆசையை அணைத்தார்களா என்று அவை மேலே செல்கின்றன. முத்தாய்ப்பாக வருவது செல்வரைப் பற்றியது: அன்பானவர்கள் எல்லாம் மாண்டு, வாரிசு இன்றிச் சாகப்போகிற நிலையிலாவது எதையேனும் கொடுக்கிறார்களா?

இந்த வரிசை எந்த ஆறுதலுரை மரபிலிருந்தும் வந்ததாகத் தெரியவில்லை. ஆறுதலுரை துக்கப்படுபவரின் உள்ளத்தோடு பேசுவது. இது வீடு, அடிமைக்கூடம், மருத்துவரின் வாசல், பணப்பெட்டி என்று இடம் இடமாகச் செல்கிறது. வாரிசற்ற செல்வரைப் பற்றிய வினாவில் ஏளனமும் தொனிக்கிறது. வெறுமனே சாவை வாழ்த்த உட்கார்ந்தவருக்கு அந்தத் தொனி தேவைப்பட்டிருக்காது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வினாக்கள் முடிந்ததும் ஆயர் மறைசாட்சியத்துக்குத் தாவிவிடுகிறார். கொள்ளைநோயால் வேறு பயன் எதுவும் இல்லாவிட்டாலும், சாவுக்கு அஞ்சாதிருக்கக் கற்றுத் தருவதால் இரத்தம் சிந்த நம்மை அது ஆயத்தப்படுத்துகிறது என்கிறார். அப்படியானால் பணிவிடைப் பட்டியல் வழிப்போக்கில் சொன்னது, நூலின் இலக்கு மறைசாட்சியமே என்று வாதிடலாம். டெசியஸ் பேரரசனின் ஆணையால் 250-இல் திருச்சபை பட்ட பாடு மறையாத நிலையில், இன்னொரு துன்புறுத்தல் வரக்கூடும் என்ற அச்சத்தில் எழுதப்பட்ட நூலுக்கு இது பொருத்தமாகவே படுகிறது.

ஆனால் உரை அங்கே நிற்கவில்லை. பதினேழாம் அதிகாரத்தில் ஒரு முறையீடு கேட்கிறது: மறைசாட்சியாகச் சாக உறுதிபூண்டிருந்த என்னை நோய் முந்திக்கொண்டதே என்று சிலர் வருந்துகிறார்கள். ஆயரின் விடை: மறைசாட்சியம் உன் கையில் இல்லை, அது இறைவனின் அருள், அவர் உள்ளத்தைப் பார்க்கிறவர், நம் இரத்தத்தையன்று நம்பிக்கையையே கேட்கிறவர். இந்த விடையைப் பதினாறாவதோடு சேர்த்து வாசித்தால் நூலின் அமைப்பு புலப்படும். மறைசாட்சியம் மனிதன் தெரிவுசெய்ய இயலாதது. நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பதும் அடிமைக்கு இரங்குவதும் இன்றே, இந்த வீட்டிலேயே இயலக்கூடியவை. ஆயர் முதலாவதைப் புகழ்கிறார். வினா கேட்டுச் சோதிப்பதோ இரண்டாவதை.

பணிவிடையையே மறைசாட்சியத்துக்கு இணையாக வைத்தவரும் உண்டு. அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியஸ் கொள்ளைநோய் பற்றி எழுதிய மடலை யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றின் ஏழாம் நூலில் தருகிறார். நோயாளிகளைப் பேணித் தொற்றால் இறந்த மூப்பர்களையும் திருத்தொண்டர்களையும் பொதுநிலையினரையும் பற்றிச் சொல்லும் அம்மடல், அச்சாவு மறைசாட்சியத்துக்குச் சற்றும் குறைந்ததன்று என்கிறது. சிப்பிரியான் அவ்வளவு தூரம் போகவில்லை. கார்த்தேஜில் நம்பிக்கைக்காகச் சிறைப்பட்ட சாட்சியர், துன்புறுத்தலில் நம்பிக்கை தவறியோருக்கு மன்னிப்புச் சீட்டு வழங்கி ஆயரின் அதிகாரத்தை உலுக்கியிருந்தார்கள். மறைசாட்சி என்ற பட்டத்தைத் தாராளமாக வழங்க அவர் தயங்கியிருக்கலாம் என்பது என் ஊகம், அதற்குமேல் இல்லை.

நூலின் முடிவு ஊகத்துக்கு இடமளிக்காதது. இருபத்தாறாம் அதிகாரம் விண்ணகத்தைத் தாயகமாக வருணிக்கிறது. பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் அங்கே நமக்காகக் காத்திருக்கிறார்கள். திருத்தூதர்கள், இறைவாக்கினர்கள், மறைசாட்சிகள், கன்னியர் என்று குழுக்கள் சொல்லப்பட்ட பின், ஏழைக்கு உணவிட்டுத் தங்கள் மண்ணகச் சொத்தை விண்ணகக் கருவூலத்துக்கு மாற்றிக்கொண்ட இரக்கமுள்ளோருக்கும் அங்கே இடம் தரப்படுகிறது. பதினாறாம் அதிகாரத்தில் கேள்வியாக நின்ற செல்வர் இங்கே விடையாக வந்து நிற்கிறார். உலகை வெறுக்கச் சொல்லும் நூலொன்று, தன் விண்ணகத்தில் சோறிட்டவர்களுக்கு இருக்கை ஒதுக்கியிருப்பதை மறுதரப்பு எப்படி விளக்கும்?

செயலில் என்ன நடந்தது? ஆயரின் திருத்தொண்டர் பொந்தியஸ், 258-இல் அவர் கொல்லப்பட்டபின் எழுதிய வாழ்க்கை வரலாறு ஒன்று கைவசம் இருக்கிறது. நோயாளிகளைத் தெருவில் தள்ளிவிட்டு மக்கள் ஓடிய வேளையில், ஆயர் சபையைக் கூட்டி அவரவர் நிலைக்கேற்பப் பணி பகிர்ந்ததாகவும், பணமில்லாதவர்கள் உழைப்பைக் கொடுத்ததாகவும் அது சொல்கிறது. உதவி நம்மவரோடு நிற்கக்கூடாது என்பதற்கு அவர் தந்ததாகச் சொல்லப்படும் காரணம் மறுமையன்று. எல்லார்மேலும் கதிரவனை உதிக்கச் செய்யும் தந்தையைப் போல ஆவதே. இச்சான்று என் வாதத்துக்கு நேரடியாக உதவாது. எனினும் பொந்தியஸ் தருவது ஓர் உரையின் சுருக்கம் மட்டுமே. சிப்பிரியானே எழுதிய அறுபத்திரண்டாம் மடல் நம்மிடம் உள்ளது. நுமீதியாவில் கொள்ளையர் பிடித்துச் சென்றவர்களை மீட்கக் கார்த்தேஜ் சபை திரட்டிய 1,00,000 செஸ்தெர்ஸ் தொகையோடு சென்ற மடல் அது. நோயுற்றிருந்தேன், வந்து பார்த்தீர்கள் என்று சொல்லும் நடுவர், சிறைப்பட்டிருந்தேன், மீட்டீர்கள் என்றும் இறுதித் தீர்ப்பு நாளில் சொல்லப்போகிறார் என்ற எதிர்பார்ப்பே அங்கே பணப்பையைத் திறக்கிறது.

பேணியதால் கிறித்தவர் அதிகம் பிழைத்தனர், அதனால் சபை வளர்ந்தது என்ற கணக்கு வேறொரு துறையின் கேள்வி. பதினாறாம் அதிகாரப் பட்டியல் வெறும் அணிநயம் என்பாரும் உண்டு; அணிநயம் மருத்துவரின் வாசலுக்கும் அடிமையின் பாய்க்கும் இவ்வளவு துல்லியமாக வழி கேட்டுப் போவதில்லை.

அந்த அடிமை வரியில் மறுமை நம்பிக்கையின் எல்லையும் தெரிகிறது. நோயுற்ற அடிமைக்கு இரங்கினாயா என்று எசமானைத் தேர்வு நிறுத்திக் கேட்கிறது. அவன் ஏன் உன் உடைமையாக இருக்கிறான் என்று கேட்கவில்லை. விண்ணகத்தில் காத்திருப்போர் வரிசையிலும் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இருக்கிறார்கள். எசமானுக்குமுன் இறந்துபோன அடிமை அங்கே யாராகக் காத்திருப்பான் என்பதை ஆயர் சொல்லவில்லை.