நாய்களைத் தாக்கும் தன்னெதிர்ப்பு இரத்தச்சோகை: மருந்தையும் உணவையும் சேர்த்துக் கொடுப்பது எப்படி?

ஓசூர் – இராயக்கோட்டை சாலையில் உள்ள உத்தனப்பள்ளி சுற்றுவட்டாரத்தில், தக்காளித் தோட்டத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் காவல் நாய்தான். நேற்று வரை குரைத்துக்கொண்டிருந்த நாய் இன்று எழுந்திருக்காமல் படுத்துவிட்டால், வெயில் அல்லது வயிற்றுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், உடலே தன் இரத்த அணுக்களை அழிக்கும் தன்னெதிர்ப்பு இரத்தச்சோகையாக இருக்கலாம். இதற்கு மருந்து கட்டாயம் வேண்டும். உணவு அந்த மருந்துக்குத் துணை நிற்கும். அதன் இடத்தைப் பிடிக்காது.

நோய் வருவது எப்படி?

கிருமிகளை அழிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, இந்த நோயில் சொந்தச் சிவப்பணுக்களையே எதிரியாக நினைத்து அழிக்கிறது. சில நாய்களில் காரணம் தெரிவதில்லை. நம் பகுதியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணியை. உண்ணி பரப்பும் பேபிசியா, எர்லிக்கியா கிருமிகள் இந்த நோயைத் தூண்டிவிடலாம். காக்கர் ஸ்பானியல் இனத்தில் அதிகம் என்றாலும், நாட்டு நாய் உட்பட எந்த நாய்க்கும் வரலாம்.

அறிகுறிகள்

* வெளுத்த அல்லது மஞ்சள் நிற ஈறு, கண்
* டீ, காபி நிறத்தில் சிறுநீர்
* சோர்வு, காய்ச்சல், பசியின்மை
* படுத்திருக்கும்போதே வேகமான மூச்சு

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து மிகுந்த காலம். இந்த நோயில் நுரையீரல் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதாலும் நாய்கள் இறக்கின்றன. ஆகவே திடீரென மூச்சு வாங்கினால் காத்திருக்க நேரமில்லை.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் அல்லது ஓசூரில் உள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தாலே பல விவரங்கள் தெரியும். ஆரோக்கியமான நாயின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு சுமார் 37 முதல் 55 சதவீதம். இது மிகவும் குறைந்தால் இரத்தம் ஏற்ற வேண்டி வரும். மேல்சிகிச்சைக்குப் பெங்களூரு ஹெப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகியவை உள்ளன. எங்கே போனாலும் பழைய மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனைத் தாள், மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தில் தவறக் கூடாதவை

இந்த நோய்க்கு முதன்மை மருந்து பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. தேவைப்பட்டால் அசாதயோபிரின், மைக்கோபினோலேட், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளையும், இரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரலையும் மருத்துவர் சேர்ப்பார். உண்ணிக் காய்ச்சல் இருந்தால் அதற்கும் தனி மருந்து உண்டு.

1. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள். பத்து நாளில் நாய் துள்ளி ஓடும். "சரியாகிவிட்டது" என்று தோன்றும். ஆனால், மாத்திரை சாப்பிடும் காலத்தில் நாயின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். சட்டென நிறுத்தினால் நாய் மயங்கி விழலாம். நோயும் திரும்பி வரும். இரத்தத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மொத்தச் சிகிச்சை பெரும்பாலும் 4 முதல் 8 மாதங்கள் நீடிக்கும்.

2. மாத்திரையை வெறும் வயிற்றில் அல்லாமல் உணவோடு கொடுங்கள். சைக்ளோஸ்போரினுக்கு மட்டும் இது மாறும்; அதை உணவுக்கு முன் வெறும் வயிற்றில் கொடுப்பதே வழக்கம்.

3. கம்பெனி ஷிப்ட் மாறும் வீடுகளில் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல் இரண்டு முறை கொடுப்பதும், கொடுக்காமலே விடுவதும் நடக்கும். சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, கொடுத்தவுடன் கோடு போடுங்கள்.

4. பிரெட்னிசோலோன் 5, 10, 20 மி.கி. என்று பல அளவுகளில் வருகிறது. மருந்துக் கடையில் பெயரோடு மி.கி. அளவையும் பார்த்து வாங்குங்கள்.

5. வலி, காய்ச்சலுக்கு வீட்டிலுள்ள பாராசிட்டமால், ஆஸ்பிரின், ஐபுபுரோபென் எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் சிவப்பணுக்களைப் பாதிக்கும். மற்ற இரண்டும் ஸ்டீராய்டோடு சேர்ந்தால் குடலில் புண் உண்டாகி இரத்தம் கசியும்.

அதிக தாகம், அதிக சிறுநீர், அடங்காத பசி, மூச்சிரைப்பு ஆகியவை ஸ்டீராய்டால் வருபவை. இதற்காகத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. மலம் தார் போலக் கறுத்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரத்தம் ஊற டானிக் கொடுக்கலாமா?

இரத்தச்சோகை என்றதும் இரும்புச்சத்து டானிக், பீட்ரூட், முருங்கைக்கீரை என்று தொடங்குவது நம் வழக்கம். ஆனால் இந்த நோயில் இரும்புச்சத்துக் குறைவு பெரும்பாலும் இருக்காது. அழிந்த அணுக்களில் இருந்த இரும்பு உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மேலும், இரும்பு டானிக் மலத்தைக் கறுப்பாக்கும். அதனால் குடலில் இரத்தம் கசிந்தாலும் நமக்குத் தெரியாமல் போகும். மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

அதேபோல, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று சொல்லப்படும் சீந்தில், அமுக்கரா போன்றவற்றையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இங்கே சிக்கலே எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறி வேலை செய்வதுதான். மருந்து அதை அடக்க, மூலிகை அதை எழுப்பினால் இரண்டும் எதிரெதிராக இழுக்கும். 2021-இல் மும்பையில் சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவர்கள் தெரிவித்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. மனிதருக்கே இப்படி விவாதம் இருக்கும்போது, நோயுற்ற நாயிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம். சமையலில் சேரும் ஒரு சிட்டிகை மஞ்சளால் கெடுதல் இல்லை. மீன் எண்ணெய் கொடுக்க விரும்பினால் அளவைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

என்ன உணவு கொடுக்கலாம்?

நம் பகுதியில் நாய்க்குக் களியும் சோறும்தான் போடுகிறோம். 100 கிராம் கேழ்வரகில் புரதம் 7 கிராம் அளவில்தான் உள்ளது. ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும் என்பதால் களி மட்டும் போதாது. புரதம் சேர வேண்டும்.

20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாள் உணவு, இரண்டு வேளையாகப் பிரித்து:

* வெந்த சோறு 400 கிராம் (இதில் ஒரு பகுதி களியாக இருக்கலாம்)
* தோலும் எலும்பும் நீக்கிய வேகவைத்த கோழிக்கறி 200 முதல் 250 கிராம்
* வேகவைத்த பூசணி அல்லது கேரட் ஒரு கைப்பிடி
* எண்ணெய் ஒரு தேக்கரண்டி

சில நாள் கறிக்குப் பதிலாக வேகவைத்த முட்டையைச் சேர்க்கலாம். இந்த உணவு சில வாரங்களுக்கு மட்டுமே போதும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் கால்சியம், துத்தநாகம் போன்றவை குறையும். அப்போது மருத்துவர் சொல்லும் சத்துக் கலவையைச் சேருங்கள். அல்லது முழுமையான நாய் உணவை அடிப்படையாக வைத்து, வீட்டு உணவைப் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். ஸ்டீராய்டால் பசி கூடும் என்பதால், கேட்கும்போதெல்லாம் போடாமல் வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

கொடுக்கக் கூடாதவை

* வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு: இவை சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சாம்பார் சோறு, ரசம், மீந்த பிரியாணி வேண்டாம்.
* பச்சைக் கறி, பச்சை முட்டை, காய்ச்சாத பால்: எதிர்ப்பு சக்தி அடக்கப்பட்ட நாய்க்குக் கிருமித் தொற்று வரும்.
* கோழித் தோல், ஆட்டுக் கொழுப்பு: கணைய அழற்சி வரலாம்.
* கருவாடு, ஊறுகாய், அப்பளம்: உப்பு அதிகம்.
* திராட்சை, உலர் திராட்சை: சிறுநீரகத்தைக் கெடுக்கும்.
* உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கும் நேரத்தில் பால், தயிர், கால்சியம் டானிக்: மருந்து உடலில் சேராது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

உண்ணியும் தடுப்பூசியும்

நாய் உண்ணி சுவர் வெடிப்பிலும் கூண்டின் இடுக்கிலும் முட்டையிடும். நாய் மேல் மருந்து போட்டால் மட்டும் போதாது. வெடிப்புகளைப் பூசி, படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை நாய்க்கு ஊற்றாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்து வீட்டுப் பூனையின் உயிரையே எடுத்துவிடும். தடுப்பூசி போடும் நாள் வந்தால், ஸ்டீராய்டு ஓடுவதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மறந்துவிடாமல், எப்போது போடலாம் என்று மருத்துவரே முடிவு செய்யட்டும்.

தினமும் எழுத வேண்டியவை

ஒரு நோட்டில் ஈறின் நிறம், சிறுநீரின் நிறம், தூங்கும்போது ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை, சாப்பிட்ட அளவு, மாத்திரை நேரம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். தூக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். மாத்திரையைக் குறைப்பதா, தொடர்வதா என்று அவர் முடிவு செய்ய இரத்தப் பரிசோதனைக்கு அடுத்தபடியாக உதவுவது இந்த நோட்டுதான்.