காற்றின்றி மெதேனை உண்ணும் நுண்ணங்கிகள்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

சதுப்பு நிலச் சேற்றினின்று எழும் குமிழிகள் தீப்பற்றி எரியும் இயல்பின என்பதை 1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெஸாந்திரோ வோல்ற்றா மகியோரே ஏரிக்கரையில் கண்டறிந்தார். அவ்வாயுவே மெதேன். ஒட்சிசனின் துணைகொண்டு அதனை உணவாக்கும் பற்றீரியாக்கள் உளவென்பதை 1906இல் ஒல்லாந்தரான சோங்கன் காட்டினார். ஒட்சிசன் அற்ற இடத்தில் மெதேனைத் தீண்டவல்ல உயிர் யாதுமில்லை என்பதே அதன்பின் நெடுங்காலம் நிலவிய கருத்து. அக்கருத்து காரணமற்றதன்று. மெதேனில் காபனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு மிக வலிது.

இதனை முதலில் அசைத்தோர் உயிரியலாளரல்லர். கடலடிச் சேற்றின் இரசாயனத்தை அளந்தவர்களே. 1970களில் பாண்ஸ், கோல்ட்பேர்க், றீபர்க் முதலியோர் கடற்படிவுகளைப் படைபடையாக ஆராய்ந்தனர். கீழிருந்து ஏறிவரும் மெதேன் ஒட்சிசனை எட்டுமுன்னரே மறைவதையும், ஏறக்குறைய அதே மட்டத்தில் மேலிருந்து இறங்கும் சல்பேற்றுத் தீர்ந்துவிடுவதையும் கண்டனர். கணக்கு அவ்வாறிருந்தும், இதனைச் செய்யும் உயிரை எவரும் தனியே வளர்த்துக் காட்டாமையால் நுண்ணுயிரியலாளர் பலர் ஐயுற்றனர். உயிரைக் காட்டுக என்று கேட்டது முறையே. காணாமையை இன்மை எனக் கொண்டதே முறையன்று என்பது என் எண்ணம்.

1994இல் ஹோலரும் பிறரும் ஒரு விளக்கம் கூறினர். மெதேனை ஆக்கும் நுண்ணங்கிகளே தம் வழியைத் தலைகீழாக நடத்துகின்றன. விளையும் ஐதரசனைச் சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள் உடனுக்குடன் கொள்கின்றன என்பது அது. 1999இல் கலிபோர்னியாவுக்கப்பாலுள்ள ஈல் ஆற்று வடிநிலக் கடற்சேற்றில், ஆக்கியா எனும் நுண்ணங்கிகளுக்கே உரிய இலிப்பிட்டுக்களை ஹின்றிக்ஸ் குழுவினர் கண்டனர். அவற்றில் காபன்-13 எனும் சமதானி நியமத்திலும் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 100 பங்கு குறைந்திருந்தது. மெதேனின் காபன் அவ்வுடலிற் புகுந்ததற்கு அதுவே சான்றாயிற்று. அடுத்த ஆண்டில் ஒறிகன் கரைக்கப்பால் போயற்றியஸ் குழுவினர் அவ்வுயிர்களையே கண்டனர். நூறளவான ஆக்கியாக் கலங்களை இருநூறளவான பற்றீரியாக் கலங்கள் சூழ்ந்து நின்றன. இக்கூட்டணியில் ஐதரசனன்றி இலத்திரன்களே கலத்திலிருந்து கலத்துக்கு நேரே கடக்கின்றன என்பதற்கு 2015இல் சான்றுகள் வெளிவந்தன.

பிணைப்பை உடைப்பது யாது? மெதேனை ஆக்குவதில் இறுதிப் படியை நடத்தும் நிக்கல் கொண்ட நொதியமே. அதனையொத்த புரதம் கருங்கடலின் நுண்ணங்கிப் படைகளில் நிரம்பியிருப்பது 2003இல் தெரிந்தது. அந்நொதியம் எதிர்த்திசையிலும் தொழிற்படும் என்பது 2010இல் ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்டது. ஆயினும் இத்தொழிலாற் கிடைக்கும் சக்தி மிகச் சொற்பம். அதனையும் இருவர் பகிரவேண்டும். எனவே இவை இரட்டிப்பதற்கு மாதக்கணக்காகும். இத்தனை மெதுவாக வளர்வனவற்றைக் கண்ணாடிக் குழாயில் விரைந்து காண விழைந்தோர் ஏமாந்தது வியப்பன்று.

இனி, மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மெதேனை உண்பன தம் உடலையும் மெதேனாலேயே கட்டும் என்று கருதத் தோன்றும். 1999இன் சமதானிச் சான்றும் அங்ஙனமே பொருள்படுவதுபோற் காணப்பட்டது. ஆனால், 2012இல் கெல்லர்மான் குழுவினர் குறியிட்ட காபனை ஊட்டிப் பார்த்தபோது, ஆய்ந்த கூட்டணியின் உடற்காபனிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டினின்றே வந்தது தெரிந்தது. மெதேன் தருவது சக்தி. உடல் கட்டப்படுவது வேறொன்றால். அங்குள்ள காபனீரொட்சைட்டிற் பெரும்பங்கு மெதேன் ஒட்சியேறியதால் விளைந்ததாகையால் அதுவும் காபன்-13 குறைந்தது. ஆகவே பழைய அளவீடு பிழையன்று. காபன் உட்புகுந்த வழியே வேறு.

நன்னீரில் நைத்திரேற்றும் நைத்திரைற்றும் சல்பேற்றின் இடத்தை ஏற்கலாம் என்பது 2006இல் நெதர்லாந்துக் கால்வாய்ச் சேற்றினின்று வளர்த்த நுண்ணங்கிகளால் வெளியாயிற்று. அவற்றுள் ஒரு பற்றீரியா நைத்திரிக்கொட்சைட்டினின்று தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே ஆக்கி, சோங்கன் கண்ட பழைய வழியிலேயே மெதேனை ஒட்சியேற்றுகின்றது என 2010இல் எற்விக் குழுவினர் விளக்கினர். அதுவும் தன் உடற்காபனைக் காபனீரொட்சைட்டிலிருந்தே எடுக்கின்றது.