புண்ணைப் பார்த்த சட்டம், உணர்ச்சியைத் தேடிய மருத்துவம்

தொழுநோயின் வரலாற்றை மருந்துகளின் வரிசையாக எழுதுவதே வழக்கம்: நீரடிமுத்து எண்ணெய், அதன்பின் டாப்சோன், அதன்பின் கூட்டு மருந்து. ஆனால் நோயாளி வீட்டோடு இருப்பாரா, ஊருக்கு வெளியே தள்ளப்படுவாரா என்பதைத் தீர்மானித்ததில் மருந்தைவிடப் பெரிய பங்கு நோயறியும் முறைக்கு உண்டு. நம் பழைய மருத்துவ நூல்கள் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்தன. உணர்ச்சி மரத்துப்போவதைச் சுசுருதர் குறித்திருந்தாலும், படையும் சொறியும் அதே பட்டியலில் கலந்தே இருந்தன. ஊர் மக்களுக்கோ, ஆறாத புண்ணும் குறைந்துபோன விரலுமே நோயின் அடையாளம். அடையாளம் முற்றிய நிலையைச் சார்ந்திருந்தவரை, விலக்கிவைப்பதைத் தவிர வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பார்வையை அரசு சட்டமாகவே ஆக்கியது. நார்வேயில் ஹான்சன் 1873இல் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். 1890-91இல் இந்தியாவைச் சுற்றிவந்த தொழுநோய் ஆணையம், தொற்றால் நோய் பரவும் அளவு மிகக் குறைவு என்றும், கட்டாயப்படுத்திப் பிரித்துவைக்கத் தேவையில்லை என்றும் முடிவு செய்தது. இருந்தும் 1898இல் வந்த சட்டம், புண் உண்டாகத் தொடங்கியவரையே தொழுநோயாளி என்று வரையறுத்தது. அவர்களிலும் பிச்சையெடுப்போரையும் பிழைப்புக்கு வழியற்றோரையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க அதிகாரம் தந்தது. இந்த வரையறையின் தவறு மிகப் பெரியது. காலில் வரும் புண் பெரும்பாலும் உணர்ச்சி இழந்த பாதம் காயப்பட்டதன் விளைவு. நோயைப் பரப்புவது அந்தப் புண் அல்ல. கிருமி முக்கியமாக வெளியேறுவது, சிகிச்சை பெறாத, உடலில் கிருமி மிகுந்த நோயாளியின் மூக்கு வழியாக. அவர் உடலில் ஒரு புண்கூட இல்லாமல் இருக்கலாம். ஆக, அந்தச் சட்டம் நோயைவிட வறுமையையே அடையாளம் கண்டது.

இதை மாற்றிய ஆராய்ச்சியில் தமிழகத்தின் பங்கு பெரிது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் நோயின் வகைகளை நுணுகி ஆராய்ந்தார். அவர் அழைப்பின் பேரில் 1946இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், கை கால்கள் சிதைவதற்குச் சதை அழுகுவது காரணமல்ல, வலி தெரியாத உறுப்பு மீண்டும் மீண்டும் அடிபடுவதே காரணம் என்று நிறுவினார். மடங்கிய விரல்களை நிமிர்த்தும் தசைநாண் அறுவை சிகிச்சையும் பாதத்தைக் காக்கும் எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பும் இந்தப் புரிதலிலிருந்து பிறந்தவை. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரி ஆராய்ச்சி மையம் தொடங்கியது. திருமணி மருத்துவமனை மத்திய அரசின் நிறுவனமானது. அங்கெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் வீடு வீடாகச் சென்று தேடியது புண்ணை அல்ல, தேமலை. படர்தாமரை அரிக்கும், தொழுநோய்த் தேமல் பொதுவாக அரிக்காது, பஞ்சு நுனியால் தொட்டால் அங்கே தொடுதல் தெரியாது. முழங்கையின் உட்புற நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். காது மடலில் சிறு கீறலிட்டு எடுத்த திசுநீரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இவ்வளவு எளிய சோதனைகள்தான், நடமாடி உழைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவரைக் கண்டறிந்து வீட்டிலேயே குணமாக்க வழி திறந்தன.

மருந்து இல்லாமல் கண்டறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து இல்லாவிட்டால் இந்தக் கதை பாதியில் நின்றிருக்கும். ஆனால் மருந்து கிருமியைத்தான் கொல்லும். நெடுநாள் முன்பே அழிந்த நரம்பை மீட்டுத் தராது. தாமதமாக வந்தவர் குணமான பிறகும் சிதைந்த கையோடுதான் வாழ்கிறார். அந்தக் கையைப் பார்த்தே சமூகம் தீர்ப்பு எழுதுகிறது. உள்ளாட்சித் தேர்தலில் தொழுநோயாளிகள் நிற்கத் தடைவிதித்த ஒடிசா சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008இலும் ஏற்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல். விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து தொழுநோய் நீக்கப்பட்டது 2019இல். இன்னொரு வாதம், தனிமைப்படுத்தியே நார்வே நோயை ஒழித்தது என்பது. அங்கே நோயாளிகள் சில ஆயிரம் பேர். மாவட்ட மருத்துவர்கள் ஒவ்வொருவரையும் கண்டறிந்து பதிவுசெய்யும் ஏற்பாடு, தனிமைச் சட்டங்களுக்கு முன்பே 1856இல் தொடங்கிவிட்டது; மக்களின் வாழ்க்கை வசதியும் உயர்ந்துவந்தது. லட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்ட இந்தியாவில் காப்பகங்கள் கொண்டது ஒரு சிறு பகுதியினரையே. மற்றவர்களுக்குப் பிடிபடும் அச்சம், தேமலை மறைக்கவே கற்றுக்கொடுத்தது.

பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில், 2005 டிசம்பரில் தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கு எட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. அதன்பின் தேடுதல் தளர்ந்தது. 2016இல் வீடு தேடிச் செல்லும் இயக்கத்தை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. 2023இலும் இந்தியாவில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் பதிவானார்கள். உலக எண்ணிக்கையில் இது பாதிக்கும் மேல். பெங்களூருவின் நீலசந்திரா போல, பிழைப்புக்காகப் பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் நெருங்கி வாழும் நகர்ப்பகுதிகளில், மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால் போதாது. கூலியை இழந்து வரிசையில் நிற்க முடியாதவர்தான் கடைசியாக வருகிறார். எத்தனை பேர் பதிவானார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேருக்குக் கண்டறியும்போதே ஊனம் வந்துவிட்டிருந்தது என்று கேட்பதே சரியான அளவுகோல். அந்த எண் பூஜ்ஜியமாகாத வரை, 1898இன் வரையறை ஏட்டிலிருந்து போனாலும் நடைமுறையில் நீடிக்கிறது என்றே கொள்ள வேண்டும்.