2,500 கிராம்: பயத்துக்கு எடை உண்டா?

பிரசவ வார்டில் வேலை பார்த்த எல்லாருக்கும் இந்த எண் மனப்பாடம். 2,500 கிராம். குழந்தை பிறந்து, அழுது, துடைச்சு, தராசுல வெச்சதும் எல்லார் கண்ணும் அங்கதான் போகும். அதுக்குக் கீழே இருந்தா ‘எடை குறைவு’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். அடுத்து அம்மாவிடம் கேள்வி: "ஒழுங்கா சாப்பிட்டியாம்மா? இரும்புச்சத்து மாத்திரை போட்டியா?"

நானும் பல வருஷமா இதைத்தான் கேட்டுட்டு இருந்தேன். தப்பான கேள்வி இல்லை. ஆனா அது மட்டும் போதாதுன்னு எனக்குப் புரியவெச்ச ஒரு வரலாறு இருக்கு. அமெரிக்காவில் நடந்தது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறப்பது ரொம்ப காலமாகவே தெரிந்த விஷயம். ஏன்? "ஏழ்மை" என்றார்கள் சிலர். படித்த, வசதியான கறுப்பினப் பெண்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. "அப்போ அது மரபணுதான்" என்றார்கள் வேறு சிலர். இந்தப் பதில் பலருக்கு வசதியாகவும் இருந்தது. மரபணு என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லையே!

1997-ல் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளை எடுத்து, தாய்மாரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையர், அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர், ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கறுப்பினத்தவர்.

மரபணுதான் காரணம் என்றால், ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்களின் குழந்தைகள்தான் எடை குறைவாக இருக்கணும். சரிதானே?

சராசரி எடை இப்படி வந்தது. வெள்ளையர் குழந்தைகள் 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்த தாய்மாரின் குழந்தைகள் 3,333. அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,089. குடியேறி வந்தவர்கள் வெள்ளையருக்குப் பக்கத்தில் நின்றார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்தான் பின்தங்கி நின்றார்கள்.

2002-ல் அதே குழு அடுத்த தலைமுறையைப் பார்த்தது. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களின் மகள்கள் பெற்ற குழந்தைகள், அந்த மகள்கள் பிறந்தபோது இருந்ததைவிட எடை கூடுதலாக இருந்தன. ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவரின் மகள்களுக்கு அப்படியே தலைகீழ். எடை குறைந்திருந்தது. ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது அந்த மகள்கள் வளர்ந்த சூழல்.

அந்தச் சூழல் உடம்புக்குள் என்ன செய்கிறது? இதற்கு ஒரு பெயர் 1992-லேயே வந்துவிட்டது. ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற பொது சுகாதார ஆய்வாளர் விநோதமான ஒன்றைக் கவனித்தார். பொதுவாக பதின்ம வயதைவிட இருபதுகளில் பிள்ளை பெறுவதுதான் பாதுகாப்பு. ஆனால் கறுப்பினப் பெண்களில், பதின்ம வயதின் கடைசியில் பெற்றவர்களைவிட இருபதுகளில் பெற்றவர்களின் குழந்தைகள்தான் அதிகம் இறந்தன. அவர் இதற்கு ‘வெதரிங்’ என்று பெயர் வைத்தார். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரக்கதவு சீக்கிரம் உளுத்துப்போகும் இல்லையா, அதுபோல. பாகுபாட்டைத் தினம் தினம் தாங்கும் உடம்பு, வயசுக்கு முன்னாடியே தேயுது என்பது அவர் வாதம்.

சரி, அது வருஷக்கணக்கில் சேரும் தேய்மானம். திடீர்னு வர்ற பயம்?

2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு அரபு, முஸ்லிம் மக்கள் மீது வெறுப்புத் தாக்குதல்கள் கூடின. டயேன் லாடர்டேல் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவின் பிறப்புப் பதிவுகளை எடுத்து, அடுத்த ஆறு மாதங்களை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டார். 2006-ல் முடிவு வெளியானது. அரபுப் பெயர் கொண்ட தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து கூடியிருந்தது. மற்ற பிரிவினருக்கு அப்படிக் கூடவில்லை. தாக்குதல் நடந்தது நாட்டின் மறுகோடியில். இங்கே இவர்கள் மீது விழுந்தது அக்கம்பக்கத்தின் பார்வை.

அடுத்து போஸ்ட்வில். அயோவா மாநிலத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன ஊர். 2008 மே 12 அன்று அங்கிருந்த இறைச்சித் தொழிற்சாலையைக் குடியேற்றத் துறையின் நூற்றுக்கணக்கான அதிகாரிகள் ஹெலிகாப்டர் சகிதம் சுற்றி வளைத்தார்கள். 389 பேர் கைது. பெரும்பாலானோர் குவாத்தமாலாக்காரர்கள். மிச்சமிருந்த குடும்பங்கள் ஊர் சர்ச்சில் தஞ்சம் புகுந்தன.

ரெய்டுக்குப் பிந்தைய 37 வாரங்களில் அயோவா மாநிலம் முழுக்கப் பிறந்த குழந்தைகளை, முந்தைய ஆண்டின் அதே 37 வாரங்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. ஜெரோனிமஸும் அதில் ஓர் ஆசிரியர். லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து 24% கூடியிருந்தது. வெள்ளையினத் தாய்மாரிடம் அந்த உயர்வு இல்லை.

(100-க்கு 24 குழந்தை என்று புரிஞ்சுக்காதீங்க. முன்பு இருந்த ஆபத்து கால் பங்கு அளவுக்குக் கூடியது என்று அர்த்தம்.)

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவிலேயே பிறந்த லத்தீனத் தாய்மாரிடமும் அந்த உயர்வு இருந்தது. அவர்கள் குடிமக்கள். அவர்களை யாரும் நாடு கடத்த முடியாது. காகிதம் அப்படிச் சொல்லுது. உடம்பு காகிதத்தைப் படிக்கிறதில்லை.

எப்படி நடக்குது இது? பயத்தில் அட்ரினலின் சுரக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். கார்டிசால் கூடும். தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்க வெச்சுத்தான் குழந்தையைக் காப்பாற்றும். ஆனா அந்தக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதோடு, பிரசவ நேரத்தோடு சம்பந்தப்பட்ட சிஆர்ஹெச் என்ற ஹார்மோனை நஞ்சுக்கொடி அதிகம் சுரக்கவும் கார்டிசால் தூண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. எடை குறைந்த ஒரு குழந்தையைக் காட்டி "இது பயத்தால்தான்" என்று யாரும் சொல்ல முடியாது. ரத்தசோகை, ரத்த அழுத்தம், தொற்று எல்லாம் நிஜம். மாத்திரையை நிறுத்திடாதீங்க!

நான் இப்போ கூடுதலா ஒரு கேள்வி கேட்கிறேன். பாஷை தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்து, எங்க வார்டில் ஒற்றை ஆளாய் வரிசையில் நிற்கும் பெண்ணிடம், அரைகுறை இந்தியில்: "கூட யார் இருக்காங்க? இங்க யாராவது உங்களைத் தொந்தரவு பண்றாங்களா?" சில பேர் பதில் சொல்வாங்க. சில பேர் தலையை மட்டும் ஆட்டுவாங்க.

தராசுல குழந்தையை வைக்கும்போது நாம அந்தத் தாயை மட்டும் எடை போடலை. அவளைச் சுத்தி இருந்த நம்மையும் சேர்த்துத்தான் போடறோம்.